டிலே பெடல் வாங்கப் போகும் முன் பாட்டுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். ஸ்ட்ராட் மாதிரி ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் முதல் கட்டத்துக்குப் பிறகு பெடலைச் சொருகும் இணைப்பு) இல்லாத 20 வாட் ஆம்ப், சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனைக்கு வாசிப்பது, மற்ற நாளில் வீட்டில் பழைய ராக் லீட்களை, அதாவது தனி கிட்டார் பகுதிகளை, பழகுவது. வாசித்த சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தருகிற டிலே பெடல் ஒன்றே ஒன்று வாங்கத்தான் கையில் காசு. அனலாக்தான் டோன், டிஜிட்டலில் உயிரே இருக்காது என்கிறார் நண்பர். கடைக்காரரோ பதினொரு மோடு உள்ள டிஜிட்டலை எடுத்து நீட்டுகிறார். எதை வாங்குவது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால், டாப் டெம்போ (பாட்டின் வேகத்தைத் தட்டிக் காட்டினால் பெடலே நேரத்தை வைத்துக்கொள்ளும் வசதி) உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் பெடல்தான் வாங்குவேன், அதில் அனலாக் அல்லது டேப் சாயலில் ஒரு மோடும் இருக்க வேண்டும். நண்பர் சொல்வது பாதி சரி, அந்தப் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் அவர் டோனிலிருந்து ஆரம்பிக்கிறார், டிலேயைப் பொறுத்தவரை அது பின்னாலிருந்து ஆரம்பிப்பது. முதலில் நேரம். நீங்கள் வாசித்த சுரம் எத்தனை மில்லி செகண்ட் கழித்துத் திரும்பி வர வேண்டும்? அது தெரிந்துவிட்டால் கடையில் இருக்கிற பெடல்களில் முக்கால்வாசி தானாகவே கழன்றுவிடும்.

கிட்டாரில் நடைமுறையில் மூன்று விதமான நேரம்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, 80 முதல் 140 மில்லி செகண்ட் வரையிலான ஸ்லாப்பேக். ஒரே ஒரு எதிரொலி, சுவரில் பந்து பட்டுத் திரும்புகிற மாதிரி. 1954-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் சன் ஸ்டுடியோவில் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின்களை வைத்து எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்கும் ஸ்காட்டி மூரின் கிட்டாருக்கும் போட்டது இதுதான். டேப் மெஷினில் பதிவு செய்கிற ஹெட் முன்னால், திருப்பி வாசிக்கிற ஹெட் கொஞ்சம் தள்ளிப் பின்னால். இரண்டுக்கும் நடுவே 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், டேப் செகண்டுக்கு 15 அங்குலம் ஓடும்போது 133 மில்லி செகண்ட் தாமதம் வருகிறது. ராக்கபில்லி என்கிற அந்த இசையின் சத்தமே இந்த இடைவெளியில் பிறந்ததுதான். ராக்கபில்லி, கன்ட்ரி வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம், எந்தப் பெடலும் போதும்.

இரண்டாவது, லீடுக்குப் பின்னால் மெத்தை மாதிரி கிடக்கிற 300 முதல் 500 வரை. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் ஆரம்ப காலத்தில் வைத்திருந்த பின்சன் எக்கோரெக் என்கிற எக்கோ கருவி இத்தாலியில் செய்தது. அதில் டேப் கிடையாது, சுழல்கிற ஒரு காந்த உருளையைச் சுற்றி ஹெட்கள் இருக்கும், கடைசி ஹெட் சுமார் 300-ஐத் தொடும். லீடில் நீட்டிப் பிடித்த சுரத்துக்கு அடியில் இது ஓடினால் வாசிப்பவர் கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. சும்மா சொல்லவில்லை, எனக்கும் அதனால்தான் பிடிக்கும்.

மூன்றாவதுதான் உங்கள் விஷயம். சர்ச் ஆராதனை கிட்டாரில் இன்று கேட்கிற அந்தத் துள்ளல், யூ2 குழுவின் கிட்டாரிஸ்ட் எட்ஜ் எண்பதுகளில் பழக்கப்படுத்திய டாட்டட் எய்த். அது என்ன என்று நம் வழியில் சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். ஒரு தாளத் தட்டுக்குள் 'தகதிமி' என்று நான்கு அட்சரம் சொல்லுங்கள். கிட்டாரில் 'த'விலும் 'தி'யிலும் மட்டும் வாசியுங்கள். டிலேயை மூன்று அட்சரம் தள்ளி வையுங்கள். இப்போது 'த'வில் வாசித்தது மூன்று தள்ளி 'மி'யில் திரும்பி வரும். 'தி'யில் வாசித்தது மூன்று தள்ளி அடுத்த தட்டின் 'க'வில் வந்து விழும். நீங்கள் வாசித்தது இரண்டு, காதில் விழுவது 'தகதிமி தகதிமி' என்று இடைவெளியே இல்லாமல் நான்கு. இரண்டாவது எதிரொலி ஆறு அட்சரம் தள்ளி வரும், அதாவது நீங்கள் மறுபடி வாசிக்கிற 'த'விலும் 'தி'யிலுமே போய் உட்காரும், அதனால் எதுவும் இடிக்காது. அந்த ரகசியம் இவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை: நேரம் சரியாக இருக்க வேண்டும். 20 மில்லி செகண்ட் தவறினால்கூட ட்ரம்ஸோடு சண்டை போடும், சர்ச்சில் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கணக்கு சுலபம். 60000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி செகண்டில் வரும். அதில் முக்கால் பங்கு டாட்டட் எய்த். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் தட்டு 500, டிலே 375. வேகமான துதிப் பாட்டு 140 என்றால் 321. மெதுவான ஆராதனைப் பாட்டு 72 என்றால் தட்டு 833, டிலே 625. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்கிற அனலாக் பெடல்களில் மிகப் பிரபலமான எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பிக்கு அதிகபட்சமே 600. பாஸ் கம்பெனி 1981-ல் கொண்டுவந்த டிஎம்-2 அனலாக் பெடலுக்கு 300. அதன் இன்றைய மறுபதிப்பான டிஎம்-2டபிள்யூவில் கஸ்டம் மோடுக்கு மாற்றினால் 800 வரை போகும், ஆனால் டாப் டெம்போ கிடையாது. பாட்டுக்குப் பாட்டு குனிந்து, நேரக் குமிழைக் காதால் திருகி, 625-ஐக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் போதகர் அடுத்த பாட்டை அறிவித்து முடிப்பதற்குள். வீட்டில் முடியும், மேடையில் முடியாது.

சரி, இப்போது நண்பருடைய பாதி உண்மைக்கு வருவோம். அனலாக் டிலேயின் சத்தம் ஏன் இதமாக இருக்கிறது? அதற்குள் இருப்பது பக்கெட் பிரிகேட் என்கிற சிப், 1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் உருவாக்கியது. பேரிலேயே வேலை இருக்கிறது. கிணற்றடியிலிருந்து வீடுவரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுகிற மாதிரி, உங்கள் கிட்டார் சிக்னல் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குத் துளித்துளியாகக் கைமாறிப் போகும். டிஎம்-2 போன்றவற்றில் இருந்த பானாசோனிக் எம்என்3005 சிப்பில் இப்படி 4096 கைகள். குடத்தை மெதுவாகக் கைமாற்றினால் தாமதம் அதிகம், வேகமாகக் கைமாற்றினால் குறைவு. 300 மில்லி செகண்ட் வேண்டுமென்றால் அந்தச் சிப்புக்குத் தருகிற கடிகாரத் துடிப்பு செகண்டுக்குச் சுமார் 6,800-தான் இருக்க முடியும். அதாவது ஒலியைச் செகண்டுக்கு 6,800 தடவை மட்டுமே தொட்டுப் பார்க்கிறது. அதில் பாதிக்கு மேல், 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற எதையும் அதனால் ஒழுங்காகச் சொல்ல முடியாது, கரகரவென்று குப்பையாக வரும். அதனால் வடிவமைத்தவர்கள் அந்த உயர் ஒலிகளை ஃபில்டர் போட்டு முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள். கிட்டாரில் பிக் கம்பியில் படுகிற அந்த 'டிக்' சத்தம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆக, எதிரொலியில் 'டிக்' இல்லை, உருண்டையான 'டும்' மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் மங்கும்.

இதுதான் அந்த 'உயிர்'. வேறு வழியில்லாமல் செய்த ஒரு வெட்டு, காதுக்கு நல்லதாக அமைந்துவிட்டது. மங்கலான எதிரொலி நீங்கள் இப்போது வாசிக்கிற சுரத்தோடு போட்டி போடாது, பின்னால் ஒதுங்கி நிற்கும். லீடுக்கு அது அருமை. ஆனால் அந்தத் 'தகதிமி' விளையாட்டுக்கு எதிரொலியில் 'டிக்' வேண்டும், நான்கும் ஒரே கை வாசித்தது போலக் கேட்க வேண்டும். எட்ஜ் ஆரம்பத்தில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் டீலக்ஸ் மெமரி மேன் என்கிற அனலாக் பெடலில்தான் அதைச் செய்தார், உண்மைதான். பிறகு கோர்க் எஸ்டிடி-3000 என்கிற டிஜிட்டலுக்குப் போனார்.

டிஜிட்டல் என்றாலே கண்ணாடி மாதிரி கூர்மையாக, ஈவிரக்கமில்லாமல் இருக்கும் என்பது எண்பதுகளின் பயம். 1983-ல் பாஸ் டிடி-2 வந்தபோது, காலடியில் வைக்கிற சின்னப் பெட்டிக்குள் முதல் டிஜிட்டல் டிலே அது, 12 பிட், 800 மில்லி செகண்ட். இன்று கேட்டால் அதுவே எவ்வளவு இதமாக இருக்கிறது என்று ஜனம் தேடி அலைகிறது. அப்புறம் 1999-ல் லைன் 6 கம்பெனியின் பச்சைப் பெட்டி டிஎல்4 வந்தது. எக்கோப்ளெக்ஸ், ஸ்பேஸ் எக்கோ, மெமரி மேன் என்று பழைய கருவிகளின் சாயலை எல்லாம் ஒரே பெட்டியில் மென்பொருளாக அடக்கியது அது. இன்றைய டிஜிட்டல் பெடலில் அனலாக் மோடு என்பது அந்த 'டிக்'கை வெட்டுகிற வேலையை எண்களால் செய்வதுதான். டேப் மோடு என்றால் அதோடு டேப் ஓட்டத்தின் லேசான தள்ளாட்டமும் சேரும். நேரில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியும். ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு தெரியாது. இருபது வருஷமாக வாசிக்கிறேன், கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

நிஜ டேப் எக்கோவைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ, 1974-ல் வந்தது, மூன்று வாசிப்பு ஹெட், உள்ளேயே ஸ்பிரிங் ரிவெர்ப், அழகான பொருள். டேப் தேயும், ஹெட் துடைக்க வேண்டும், மோட்டார் பார்க்க ஆள் வேண்டும். விட்டுவிடுங்கள்.

விலை குறைந்த பெடல்களில் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 'அனலாக்' என்று பெட்டியில் எழுதி விற்கிறவற்றில் பலவற்றுக்குள் இருப்பது பிடி2399 என்கிற டிஜிட்டல் சிப். தைவானில் கரோக்கி பெட்டிகளுக்காகச் செய்தது. கல்யாண மண்டபத்தில் 'ஹலோ மைக் டெஸ்டிங்... டிங்... டிங்' என்று கேட்கிறதே, அந்த ஜாதி எக்கோ. அதைக் குறை சொல்லவில்லை, 300, 350 வரை மங்கலாக, இதமாக, உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் எதிரொலியோடு இரைச்சலும் சேர்ந்து வரும். என் முதல் டிலே இப்படி ஒன்றுதான், பேர் வேண்டாம். பெட்டியில் 600 என்று போட்டிருந்தது. 600-ல் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் மணலில் புரட்டி எடுத்த மீன் மாதிரி வரும்.

அப்படியானால் எந்தப் பெடல்? உங்கள் தேவைக்கு இரண்டு பேர் சொல்கிறேன். டிசி எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ்பேக்: அதில் தட்டுக்குத் தட்டு, டாட்டட் எய்த், இரண்டும் சேர்த்து என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. வேகம் சொல்ல, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு கிட்டார் கம்பியைத் தாளத்துக்கு நாலு தடவை தட்டினால் போதும், அந்த நேரத்தில் சத்தம் வெளியே போகாது. பெடலே டாட்டட் எய்த் கணக்கைப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று பாஸ் டிடி-8, பதினொரு மோடு, லூப்பரும் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது) உண்டு. கடைக்காரர் காட்டியது இதுவாகத்தான் இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. பதினொன்றில் நீங்கள் மூன்றுதான் பயன்படுத்துவீர்கள், அது வேறு விஷயம். எந்த மாடலானாலும் சரி, டாப் டெம்போவைத் தட்டினால் டாட்டட் எய்த்தாகத் தருமா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள். தட்டுக்குத் தட்டு மட்டும் தருகிற பெடல்களும் உண்டு, அதில் மறுபடி நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

சர்ச்சை மறந்துவிட்டு வீட்டில் லீட் மட்டும்தான் என்றால் என் பதில் அப்படியே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கார்பன் காப்பி. மூன்று குமிழ், ஒரு பொத்தான், தவறாக வைக்கவே முடியாத பெடல்.

வாங்கிய பிறகு வரிசை. கிட்டார், ஓவர்டிரைவ், டிலே, ஆம்ப், இந்த ஒழுங்கில். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் நீங்கள் வாசிப்பதும் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும். உங்கள் ஆம்பில் லூப் இல்லாததால் இன்னொன்றும் உண்டு: ஆம்பின் கெயினை ஏற்றி அங்கே டிஸ்டார்ஷன் எடுத்தால் அதுவும் டிலேக்குப் பின்னால் வருகிற நசுக்கல்தான். ஆம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு அந்தக் கரகரப்பை ஓவர்டிரைவ் பெடலிலேயே எடுங்கள். வால்யூம் பெடல் பிற்பாடு வாங்கினால் அதை டிலேக்கு முன்னால் வையுங்கள். வால்யூமை மூடினாலும் எதிரொலி தானாக ஓய்ந்து அடங்கும்.

கரண்ட்: 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ், பெடலில் எழுதியிருக்கிற மில்லி ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர். டிஜிட்டல் டிலே பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். ஓவர்டிரைவையும் டிலேயையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்துக் கொடுக்கும்போது 'ஈஈ' என்று கொசு மாதிரி ஒரு கீச்சொலி கேட்டால் பெடல் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

குமிழ்களை வைக்கிற விதம். எதிரொலியின் அளவை ஏற்றிக்கொண்டே போய், வாசிக்கும்போது தெளிவாகக் கேட்கிற இடத்திலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். வாசிக்கும்போது இருப்பதே தெரியக் கூடாது, அணைத்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்க வேண்டும். லீடுக்கு அந்த இடம். டாட்டட் எய்த்துக்கு மட்டும் எதிரொலி கிட்டத்தட்ட உங்கள் வாசிப்புக்குச் சமமாக இருக்கலாம், ஃபீட்பேக் (எதிரொலி எத்தனை தடவை திரும்ப வேண்டும் என்பது) இரண்டு மூன்று திரும்பலுக்கு மேல் வேண்டாம். உங்கள் சர்ச் உயரமான கூரையுள்ள பழைய கல் கட்டடம் என்றால் எல்லாவற்றையும் இன்னும் இறக்குங்கள். அந்தக் கட்டடமே ஒரு எக்கோ மெஷின்தான்.

ஃபீட்பேக் குமிழைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை முழுக்கத் திருப்பினால் பல பெடல்களில் எதிரொலி அடங்காது, திரும்பித் திரும்பி வந்து தன்னைத்தானே ஊதிப் பெருக்கும். ஒரு பெரிய வெள்ளி ஆராதனை. பாட்டு முடிந்தது, எல்லோரும் தலை குனிந்து ஜெபம். நான் பெடலை அணைக்காமல் காலை மட்டும் பின்னால் இழுத்தேன், செருப்பு நுனி அந்தக் குமிழில் பட்டுத் திருகிவிட்டது. முதலில் கடைசி சுரத்தின் எதிரொலி போகாமல் நின்றது. அப்புறம் மெதுவாக வளர்ந்தது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரு ஊ... ஊ... ஊ... போதகர் ஜெபத்தை நிறுத்தவில்லை, குரலை மட்டும் உயர்த்தினார். அதுவும் உயர்ந்தது. கடைசியில் சவுண்டு பார்க்கிற அண்ணன்தான் மிக்ஸரில் என் சேனலை இறக்கினார். அன்றிலிருந்து என் டிலே எப்போதும் பலகையின் மேல் வரிசையில், காலுக்கு எட்டாத பக்கம் குமிழ் இருக்கும்படி.

செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், பாதி பேர் டிலேயை வாங்கி ஆறு மாதத்தில் விற்றுவிடுகிறார்கள். ஃபுட்சுவிட்சை ஒரு இருபது தடவை மிதித்துப் பாருங்கள், ஒரு தடவைகூட ஏமாற்றக் கூடாது. குமிழ்களைத் திருப்பும்போது கரகர சத்தம் வருகிறதா, அதிகபட்ச நேரத்தில் வைத்தால் இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கிட்டாரையும் ஓவர்டிரைவையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் இருக்கிற பெரிய ட்யூப் ஆம்பில் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

காசு கொடுப்பதற்கு முன் இன்று ராத்திரியே இதைச் செய்து பாருங்கள். கடந்த நாலு ஞாயிறு வாசித்த பாட்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் வேகத்தையும் போனில் ஒரு மெட்ரோனோம் ஆப்பில் தட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 60000-ஐ வகுத்து முக்காலால் பெருக்குங்கள். எல்லாமே 400-க்குள் அடங்கி, பாட்டுக்குப் பாட்டு பெரிதாக மாறவும் இல்லை என்றால், உங்கள் நண்பர் சொன்ன அனலாக் பெடலே போதும், நான் மேலே எழுதியதில் பாதியை அழித்துவிடுங்கள். பட்டியலைப் போட்டுவிட்டு எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.